காத்திருக்கிற நேரமும் வேலைதானா?

நம்ம ஊரில் 108-க்கு போன் செய்தால் வண்டியில் வருபவர் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர். ஜெர்மனியில் நிலைமை வேறு. மாரடைப்பு, பெரிய விபத்து என்றால் ஆம்புலன்ஸ் ஒரு பக்கம் வரும், இன்னொரு காரில் ஒரு டாக்டரும் வந்து இறங்குவார். அவருக்கு ‘நோட்டார்ட்ஸ்ட்’ என்று பெயர். அவசர மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக நான் தேடிப் படிப்பது வேறொன்றை: அந்த டாக்டருடைய நேரத்தை யார், எப்போது கணக்கில் எடுத்தார்கள்?

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளி டாக்டரிடம் வரக் காத்திருக்கக் கூடாது, டாக்டர்தான் நோயாளியிடம் போக வேண்டும் என்று 1938-லேயே வாதாடியவர் ஹைடெல்பெர்க் அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர். நடுவில் போர் வந்துவிட்டது. 1957-ல் ஹைடெல்பெர்க்கில் ஒரு பஸ்ஸுக்குள்ளேயே அறுவை அரங்கம் அமைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வண்டி அவசரத்துக்கு உதவவில்லை. அதே ஆண்டு கொலோன் நகரத்தில் டாக்டர் ஏறிச் செல்லும் சின்ன ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அதுதான் நிலைத்தது. 1964-ல் ஹைடெல்பெர்க்கில் டாக்டருக்குத் தனி கார் கொடுத்து, சம்பவ இடத்தில் ஆம்புலன்ஸோடு சேர்ந்துகொள்ளும் முறையும் வந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நோட்டார்ட்ஸ்ட் என்பது தனி வேலை இல்லை. மயக்க மருந்து நிபுணரோ, அறுவை மருத்துவரோ, பொது மருத்துவரோ தன் வழக்கமான வேலையோடு சேர்த்துப் பார்க்கிற கூடுதல் பொறுப்பு. பல இடங்களில் 24 மணி நேர ஷிஃப்ட். அதில் பெரும்பகுதி காத்திருப்புதான். மணி அடித்தால் சில நிமிடங்களில் கிளம்பியாக வேண்டும். வீட்டுக்குப் போக முடியாது. படுக்கலாம், ஆனால் ஆழ்ந்து தூங்கினோம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தக் காத்திருப்பு வேலையா, ஓய்வா? 1994-ல் வந்த ஜெர்மன் வேலை நேரச் சட்டம், ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தாலும் அழைப்பு வராத நேரத்தை ஓய்வு என்றே கணக்கிட்டது. கீல் நகர ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் ஆம்புலன்ஸ் டாக்டர் இல்லை, அறுவைப் பிரிவில் இருந்தவர். ஆனால் கேள்வி அதேதான். ஐரோப்பிய நீதிமன்றம் 2003 செப்டம்பரில் சொன்ன தீர்ப்பு எளிமையானது: முதலாளி சொன்ன இடத்தில் இருந்தே ஆக வேண்டுமென்றால், கட்டில் போட்டுக் கொடுத்தாலும், அதில் தூங்கினாலும், அது முழுக்க வேலை நேரம்தான். 2004 ஜனவரி முதல் ஜெர்மன் சட்டமும் மாறியது.

அதே 2004 அக்டோபரில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தரப்பிலும் ஒரு தீர்ப்பு வந்தது. தெற்கு ஜெர்மனியில் வால்ட்ஸ்ஹூட் செஞ்சிலுவைச் சங்க ஒப்பந்தம், தினம் சராசரியாக மூன்று மணி நேரமாவது காத்திருப்பு இருந்தால் வாரத்துக்கு 49 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது. 48-ஐத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஒரு மணி நேரம்தானே என்று தோணலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஐரோப்பிய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இதோடு கதை முடியவில்லை. வேலை நேரச் சட்டம் ஊழியர்களுக்குத்தான். ஒருவர் இரண்டு இடத்தில் ஊழியராக இருந்தால் இரண்டு இடத்து மணி நேரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கு அப்படிக் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. கிராமப்புறங்களில் ஷிஃப்டை நிரப்பிக்கொண்டிருந்த அவசர மருத்துவர்கள் பலர், மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு சுயதொழில் கணக்கில் வந்தவர்கள். இவர்களும் ஊழியர்கள்தான் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியதும், காப்பீட்டுச் சந்தா கட்ட வேண்டியிருந்தால் டாக்டர்கள் வரமாட்டார்கள், ஷிஃப்ட் காலியாகிவிடும் என்ற பயம் கிளம்பியது. 2017-ல் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. வாரம் 15 மணி நேரமாவது வேறு வேலை இருப்பவர்களுக்கும், சொந்தமாக கிளினிக் நடத்துபவர்களுக்கும் இந்தப் பக்க வருமானத்துக்குச் சந்தா வேண்டாம் என்றது.

2021 அக்டோபரில் ஜெர்மன் சமூகக் காப்பீட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஷிஃப்ட் நேரத்தில் வண்டி இன்னொருவருடையது, கருவிகள் இன்னொருவருடையது, கிளம்பச் சொல்வது கட்டுப்பாட்டு அறை. இவர்கள் பொதுவாக ஊழியர்களே.

எனக்கு உறுத்துவது அந்த 2017 சலுகைதான். வேறு வேலை இருக்கிறதா என்று சட்டம் கேட்டது, சந்தாவைத் தள்ளுபடி செய்வதற்காக. முந்தின நாள் அந்த வேறு வேலையில் எத்தனை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. ரோஸ்டரில் கட்டம் நிரம்பினால் போதும். ஆனால் நள்ளிரவில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தவேண்டிய கை அந்த டாக்டருடையது. அவர் எப்போது தூங்கினார் என்பது நோயாளியின் பிரச்சினையும்கூட.