ஒரு மென்பொருளுக்கு எத்தனை யன்னல்?

காசு குடுக்காமல் போஸ்டர் செய்யத் தேடின ஆக்களுக்கு கிம்ப் தெரிஞ்சிருக்கும். இண்டைக்கு அதைத் திறந்தால் கருவிகள், படம், லேயர்கள் எல்லாம் ஒரே யன்னலுக்குள்ள இருக்கும். 2012க்கு முதல் அப்பிடி இல்லை. கருவிகளுக்கு ஒரு யன்னல், லேயர்களுக்கு இன்னொண்டு, திறக்கிற ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி யன்னல். பார்க்கிறவருக்கு இது சோம்பேறித்தனமான வடிவமைப்பாகத் தெரியலாம். உண்மையில் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

திரையில் யன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் யோசனை 1970களில் செரொக்ஸின் கலிபோர்னியா ஆய்வுகூடத்தில் பிறந்தது. மேசையில் கிடக்கும் தாள்கள் மாதிரி. மைக்ரோசொஃப்ட் 1985இல் வெளியிட்ட முதல் விண்டோஸில் அந்த வசதிகூட இல்லை. யன்னல்கள் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அடுக்க முடிந்தது.

யன்னல்கள் கூடக்கூட அடுத்த கேள்வி வந்தது: எந்த யன்னல் எதோட சேர்ந்தது?

இதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. மைக்ரோசொஃப்டின் பதில், ஒரு தாய் யன்னலும் அதுக்குள்ள பிள்ளை யன்னல்களும். பிள்ளைகள் வெளியே போக ஏலாது. தாயை மூடினால் எல்லாம் மூடும். யுனிக்ஸ் உலகின் பதில் வேறு. 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறைமையில், யன்னல்களை ஒழுங்குபடுத்துவது தனியான ஒரு மென்பொருளின் வேலை. எதைப் பாவிப்பது எண்டு பாவனையாளரே தெரிவு செய்யலாம். மற்ற மென்பொருட்கள், "இந்தச் சின்ன யன்னல் அந்தப் பெரிய யன்னலோட சேர்ந்தது" எண்டு குறிப்பு மட்டும் குடுக்கும்.

கிம்ப் இந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளை. பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்போலும் பீட்டர் மாற்றிஸும் 1995இல் அதை எழுதத் தொடங்கினார்கள். லினக்ஸில் ஒரு முழு வேலைத்தளத்தையே கிம்புக்கு ஒதுக்கி வைக்கலாம், அதால பல யன்னல்கள் பிரச்சினையாகத் தெரியேல்லை. விண்டோஸுக்கு வந்தபோதுதான் சிக்கல். அங்க அந்த ஒழுங்குபடுத்துபவர் இல்லை. கருவி யன்னல் மற்றதுகளுக்குப் பின்னால் ஒளிச்சுக்கொண்டது. 2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பு ஒற்றை யன்னல் முறையைத் தந்தது. 2018இல் வந்த 2.10இல் அதுவே இயல்புநிலை ஆனது.

வேடிக்கை என்னவெண்டால், அதே காலத்தில் எக்செல் எதிர்த்திசையில் போனது. எக்செல் 2013 தாய் யன்னலைக் கைவிட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் தனி யன்னல் கொடுத்தது. இரண்டு திரை வைத்திருப்பவர் ஒரு கோப்பை அங்கும் இன்னொன்றை இங்கும் வைக்கலாம்.

ஆகவே, எது முன்னேற்றம் எண்டு கேட்பதில் பிரயோசனமில்லை. உங்கட திரையில் எது எங்க நிற்கவேணும் எண்டு முடிவெடுப்பது யார் என்பதுதான் கேள்வி. கிம்ப் பழைய முறையைத் தூக்கி எறியேல்லை. மெனுவில் ஒரு சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், யன்னல்கள் திரும்பவும் பிரிஞ்சு நிற்கும். ஒருக்கா செய்து பாருங்கோ.