நிலவுக் கலத்தில் நேர்ந்த இடநெருக்கடி

1969 ஜூலை 20ஆம் நாள், ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கையில், கலத்தின் கணிப்பொறி 1202 என்னும் எச்சரிக்கையைக் காட்டிற்று. அதன் எழுதி அழிக்கும் நினைவகத்தில் 2,048 அறைகளே இருந்தன. அதனை ஆளும் நிரல், ஒவ்வொரு பணிக்கும் 12 அறைகள் கொண்ட தொகுதியை ஒதுக்கும். அத்தகைய எட்டுத் தொகுதிகளும் நிறைந்துவிட்டன என்பதே 1202இன் பொருள்.

நினைவகம் பழுதுற்றதோ எனின், அன்று. செமோர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்த நாளில், பால் நிறுப்பது தாமதித்தால் வாளிகள் காலியாகமாட்டா. வாளி போதவில்லை என்றே தோன்றும். குறையோ வாளியில் இல்லை, நேரத்தில் உள்ளது. கலத்திலும் இதுவே நிகழ்ந்தது. சந்திப்பு ரேடார் இணைப்பிலிருந்து வந்த வீண் துடிப்புகள் கணிப்பொறியின் நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத் தின்றன. ஒரு பணி முடியுமுன் மறுபணி வந்து இடம் கேட்டது.

ஹால் லேனிங் வகுத்த ஆட்சி நிரல் முதன்மையற்ற பணிகளை உதறி, இன்றியமையாதவற்றை மீண்டும் தொடங்கிற்று. அதனை அறிந்த ஜாக் கார்மன் ஹூஸ்டனிலிருந்து இறங்கலாம் என்றார். கலமும் நலமே இறங்கிற்று. ரேடாரே காரணம் என்பதை ஜார்ஜ் சில்வர் கண்டுரைத்தார்.

இன்றைய கணிப்பொறியின் கருநிரல் ‘ஒதுக்க இடமில்லை’ என்று முறையிடும்போதும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. பிடித்த இடத்தை விடாதது எது, ஏன் விடவில்லை என்று வினவுதல் வேண்டும்.