கூட்டாளி உயிரிகள் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலான மேசைப் பாத்திரமேற்று விளையாட்டுக்களில், ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுடன் சேர்ந்து எதிரிகளை எதிர்த்துப் போரிடும் ஏனைய மாந்தர், விலங்குகள், ஆவிகள் முதலியவை கூட்டாளி உயிரிகள் எனப்படும். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஈட்டி வீரன், காட்டில் வாழும் ரேஞ்சர் பாத்திரத்தின் வளர்ப்பு ஓநாய், மந்திரத்தால் வரவழைக்கப்பட்ட கரடி, சிறையிலிருந்து மீட்கப்பட்டு நன்றிக்கடனாக உடன் வரும் வீரர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். ஒரு மோதலைத் திட்டமிடும்போது எதிரிகளின் வலிமையைக் கணக்கிட விதிநூல்களில் விரிவான அட்டவணைகள் உள்ளன. கூட்டாளிகளின் வலிமையைக் கணக்கிட அத்தகைய அட்டவணை பெரும்பாலும் இல்லை. இதனால், கடுமையானது எனத் திட்டமிடப்பட்ட மோதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும், வெற்றியைக் கூட்டாளியே ஈட்டிவிட ஆட்டக்காரர்கள் பார்வையாளர்களாக அமர்ந்திருப்பதும் நிகழ்கின்றன.

ஆட்டமுறை

இவ்விளையாட்டில் ஒருவர் ஆட்ட நடத்துநராக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். எதிரிகள், வழிப்போக்கர், அரசர் என மற்ற அனைவருக்கும் நடத்துநரே குரல் கொடுப்பார். போர் சுற்றுக்களாக நடைபெறும். ஐந்தாம் பதிப்பில் ஒரு சுற்று கதையின் காலத்தில் 6 விநாடிகள் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு முறை வரும். அம்முறையில் அது நகரலாம், ஒரு செயலைச் செய்யலாம். தாக்குபவர் 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டித் தமது தாக்குதல் எண்ணை அதனுடன் கூட்டுவார். கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். உயிர்ப் புள்ளிகள் குறையும்.

எனவே ஒரு தரப்பில் எத்தனை பேர் உள்ளனர் என்பது, அவர்கள் எவ்வளவு வலியவர்கள் என்பதைப் போலவே முக்கியமானது. கூட்டாளி ஒருவர் சேரும்போது அவரது வாளுடன் ஒரு சுற்றுக்கு ஒரு முறையும் சேர்ந்தே வருகிறது.

வரலாறு

இவ்விளையாட்டு சிறு உருவங்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்களிலிருந்து தோன்றியது. கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகியோர் 1971 இல் வெளியிட்ட செயின்மெயில் என்னும் போர் விளையாட்டில் பெருஞ்சமர்களின்போது ஓர் உருவம் 20 வீரர்களைக் குறித்தது. 1974 இல் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், படைக்குப் பதிலாகத் தனி மனிதரை ஆட்டக்காரரின் கையில் கொடுத்தது. ஆயினும் படை முழுவதுமாக மறைந்துவிடவில்லை. முதற்பதிப்பில் கவர்ச்சி என்னும் பண்பின் முதன்மையான பயன்களுள் ஒன்று, எத்தனை பேரைத் தன்னுடன் அமர்த்திக்கொள்ள முடியும் என்பதைத் தீர்மானிப்பதாகும். கவர்ச்சி 3 அல்லது 4 உள்ளவர் ஒருவரை மட்டும் அமர்த்தலாம். 18 உள்ளவர் 12 பேர் வரை அமர்த்தலாம். தொடக்கநிலைப் பாத்திரங்கள் ஓரிரு அடிகளில் மடிந்துவிடும் அக்காலத்தில், முன்னால் விளக்கேந்திச் செல்ல ஓர் ஆள் இருப்பது ஆடம்பரமாகக் கருதப்படவில்லை.

1981 இல் வெளிவந்த தொடக்கநிலைப் பதிப்பு இவர்களுக்கு மனவுறுதி எண் ஒன்றைத் தெளிவாக வகுத்தது. சராசரிக் கவர்ச்சி உடைய தலைவரின் ஆட்களுக்கு இவ்வெண் 7 ஆகும். எதிர்பார்த்ததைவிடக் கடுமையான இடர் நேரும்போதும், ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இரண்டு ஆறுமுகப் பகடைகள் உருட்டப்படும். கூட்டுத்தொகை 7 ஐ விட மிகுந்தால் அந்த ஆள் விலகிவிடுவார். இது நிகழும் வாய்ப்பு 36 இல் 15, அதாவது ஏறத்தாழ 42 விழுக்காடு. கூட்டாளியை நம்பித் திட்டமிடுவதன் விலையை இவ்வளவு எளிமையாகச் சொன்ன விதி பின்வந்த பதிப்புகளில் அரிது.

2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் கூலியாட்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். 6 ஆம் நிலையை எட்டிய பாத்திரம் தலைமைத்துவம் என்னும் திறனைப் பெற்று, தன்னைவிடக் குறைந்த நிலையிலுள்ள ஒரு துணைவரையும் பல தொண்டர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. 2008 இல் வந்த நான்காம் பதிப்புக்கு 2009 இல் வெளியான இரண்டாம் நடத்துநர் கையேடு, சுருக்கமான பதிவுடன் கூடிய துணைப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தியது. மோதலைத் திட்டமிடும்போது இவர்கள் குழுவின் உறுப்பினராகவே எண்ணப்பட்டனர். ஐந்தாம் பதிப்பு 2014 இலும் அதன் திருத்திய விதிகள் 2024 இலும் வெளிவந்தன.

வலிமைக் கணக்கு

2014 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வோர் எதிரிக்கும் அனுபவப் புள்ளி மதிப்பு ஒன்று உண்டு. குழுவின் நிலைக்கேற்ப எளிய, நடுத்தர, கடின, கொடிய என நான்கு எல்லைகள் தரப்பட்டுள்ளன. 3 ஆம் நிலைப் பாத்திரம் ஒன்றுக்கு இவை முறையே 75, 150, 225, 400 புள்ளிகள். எதிரிகளின் எண்ணிக்கை கூடும்போது மொத்தப் புள்ளிகள் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கப்படும்: இருவர் எனில் 1.5, மூவர் முதல் அறுவர் வரை எனில் 2.

3 ஆம் நிலையில் நால்வர் கொண்ட குழு ஒன்று, ஓர் ஓகர் அரக்கனையும் (450 புள்ளிகள்) நான்கு கொப்லின்களையும் (தலா 50) எதிர்கொள்வதாகக் கொள்வோம். மொத்தம் 650, எதிரிகள் ஐவர் என்பதால் அதன் இருமடங்கு 1300. குழுவின் கடின எல்லை 900, கொடிய எல்லை 1600. ஆகவே இது கடினமான மோதல். இப்போது நைட் எனப்படும் கவச வீரர் ஒருவர் குழுவுடன் சேர்கிறார். எதிரியாக வந்தால் அவரது மதிப்பு 700 புள்ளிகள். இவரை எவ்வாறு கணக்கில் எடுப்பது என்பதில் நடத்துநர்களிடையே இரு வழக்கங்கள் காணப்படுகின்றன.

முதலாவது, அவரை 3 ஆம் நிலை உறுப்பினர் ஒருவராக எண்ணுவது. கடின எல்லை 1125 ஆக உயரும். 1300 புள்ளி மோதல் இன்னும் கடினமானதே. இரண்டாவது, எதிரிகளின் கணக்கிலிருந்து அவரது மதிப்பைக் கழிப்பது. 1300 இல் 700 போக 600 மிஞ்சும். மோதல் நடுத்தர எல்லைக்கு இறங்கிவிடும். ஒரே வீரர், இரண்டு விடைகள். உண்மை இவற்றுக்கு இடையில் உள்ளது. அந்த வீரருக்கு 52 உயிர்ப் புள்ளிகளும் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்களும் உண்டு. 3 ஆம் நிலைப் போர்வீரப் பாத்திரம் ஒன்றுக்கு வழக்கமாக 28 அளவில் உயிர்ப் புள்ளிகளும் ஒரே தாக்குதலும்தான். எனவே அவரை ஒருவர் எனக் கொள்வது குறைமதிப்பீடு. இருவராக எண்ணுவது பொருத்தமாக இருக்கும்.

இங்கு கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உள்ளது. குழுவில் ஆறு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்கெண் ஒரு படி குறையும். கவச வீரர் தம் உதவியாளன் ஒருவனையும் அழைத்து வந்து, அவனும் உறுப்பினராக எண்ணப்பட்டால், பெருக்கெண் 2 இலிருந்து 1.5 ஆகிறது. எதிரிகளின் மதிப்பு 975 ஆகச் சுருங்க, ஆறு பேருக்கான கடின எல்லையோ 1350 ஆக உயர்கிறது. குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுவன் ஒருவனால் கடினமான மோதல் காகிதத்தில் நடுத்தர மோதலாகிவிடும். போர்க்களத்தில் அப்படி எதுவும் மாறியிருக்காது. 2024 ஆம் ஆண்டு விதிகள் பெருக்கெண்ணை நீக்கிவிட்டன. ஆகவே இப்பொறி அவற்றில் இல்லை.

உதவிக்கு விலையும் உண்டு. 2014 விதிகளின்படி கணிசமாக உதவிய கூட்டாளிகளையும் சேர்த்தே அனுபவப் புள்ளிகள் பகிரப்பட வேண்டும். மேற்கூறிய 650 புள்ளிகளை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 162. ஐவர் பகிர்ந்தால் 130.

ரேஞ்சரின் விலங்கு போலப் பாத்திரத்தின் தொழிலுடன் ஒட்டி வருபவற்றைத் தனியே எண்ணும் வழக்கம் இல்லை. அவை அப்பாத்திரத்தின் வலிமையிலேயே அடங்கியவை.

எட்டு ஓநாய்கள்

எண்ணிக்கையின் வலிமையை விளக்க, 2014 விதிகளில் விலங்குகளை வரவழைக்கும் மூன்றாம் படி மந்திரத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 5 ஆம் நிலை டுரூயிட் ஒருவர் இதனால் ஒரு பெரிய விலங்கையோ எட்டுச் சிறிய விலங்குகளையோ வரவழைக்கலாம். எட்டு ஓநாய்கள் வந்தன எனில், ஒவ்வொன்றின் தாக்குதல் எண் 4, சராசரிச் சேதம் 7. அருகில் துணை இருந்தால் ஓநாய் இரு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். கவச எண் 15 உள்ள எதிரியை ஒரு பகடையில் தாக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரு பகடைகளில் 75 விழுக்காடு. எட்டும் சுற்றி நின்று கடித்தால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 42 புள்ளிகள் சேதம். அதே நிலையில் இருகைவாள் ஏந்திய போர்வீரர் இரண்டு தாக்குதல்களிலும் சேர்த்து அதே எதிரிக்கு ஏற்படுத்தும் சேதம் ஏறத்தாழ 14. தம் பாத்திரத்தின் சிறப்பே வாள்வீச்சு என நம்பி வந்த ஆட்டக்காரருக்கு இது மகிழ்ச்சி தரும் கணக்கன்று.

வலிமையை விடப் பெரிய சிக்கல் நேரம். எட்டு ஓநாய்களுக்கும் 16 பகடை வீச்சுக்கள், பின்னர் சேத வீச்சுக்கள், அவற்றோடு யார் எங்கே நிற்பது என்ற ஆராய்ச்சி. மற்றவர்களின் முறை வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். 2014 நடத்துநர் கையேட்டிலுள்ள கூட்டத் தாக்குதல் அட்டவணை இதற்கு ஒரு வழி தருகிறது. அடி விழப் பகடையில் 6 முதல் 12 வரையான எண் ஏதேனும் தேவையெனில், தாக்குபவர் இருவருக்கு ஓர் அடி என எடுத்துக்கொள்ளலாம். எட்டு ஓநாய்களுக்கு நான்கு அடிகள், 28 புள்ளிகள், பகடையே தேவையில்லை. இரு பகடைச் சலுகையை இவ்வட்டவணை கணக்கில் கொள்வதில்லை என்பதால் சேதம் குறைந்தே காணப்படும்.

எதிரிகளும் கைகட்டி நிற்பதில்லை. ஓர் ஓநாய்க்கு 11 உயிர்ப் புள்ளிகளே உண்டு. தீப்பந்து மந்திரத்தின் சராசரிச் சேதம் 28. தப்பும் வீச்சில் வென்றாலும் அதில் பாதி, 14. எனவே அதன் வட்டத்துக்குள் அகப்பட்ட ஓநாய்கள் பெரும்பாலும் ஒருசேர மடியும். டுரூயிட் அடிபட்டு மனக்குவிப்பை இழந்தாலும் அவை அனைத்தும் மறையும். அறிவுள்ள எதிரி ஓநாய்களை விட்டு டுரூயிட்டைத் தேடுவதே இயல்பு. 2020 இல் வெளியான டாஷாவின் நூலில் வந்த வரவழைப்பு மந்திரங்கள் ஒரே ஓர் ஆவியை மட்டும் தந்தன. 2024 விதிகளில் மேற்படி மந்திரமே மாற்றப்பட்டு, தனித்தனி விலங்குகளுக்குப் பதிலாக ஓர் ஆவிக் கூட்டமாகிவிட்டது.

யார் இயக்குவது

கூட்டாளியையும் எதிரியையும் நடத்துநரே இயக்கினால், அவர் தம்முடன் தாமே போரிடும் நிலை உண்டாகும். ஆட்டக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பர். ஆகவே போரின்போது கூட்டாளியின் பகடையை ஆட்டக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்து, பேச்சையும் மனப்போக்கையும் மட்டும் நடத்துநர் வைத்துக்கொள்வது பரவலான நடைமுறை. ஆயினும் வீட்டில் மனைவி மக்களை விட்டுவந்த காவலனை, தம் பாத்திரத்தைக் காக்கும் கேடயமாக ஆட்டக்காரர் முன்னிறுத்தினால் நடத்துநர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

விதிகள் சில கூட்டாளிகளின் கையை முன்னரே கட்டிவைத்துள்ளன. கட்டுப்பாட்டிலுள்ள ஊர்தி விலங்கு விரையலாம், விலகலாம், ஒதுங்கித் தற்காக்கலாம், தாக்க இயலாது. மந்திரவாதியின் ஏவல் ஆந்தை தாக்காது, உதவி முதலான பிற செயல்களைச் செய்யும். 2014 இல் ரேஞ்சர் தம் விலங்கைத் தாக்க ஏவுவதற்குத் தமது செயலையே செலவிட வேண்டியிருந்தது. இது கடுமையாகக் குறைகூறப்பட்டது. 2020 இல் அது சிறுசெயலாகக் குறைக்கப்பட்டது.

பெரிய படையொன்று கூட்டாளியாக வரும்போது களத்தைப் பிரிப்பது நல்ல பலன் தருகிறது. கவச வீரர் கோட்டை வாயிலில் கொப்லின்களைத் தடுத்து நிற்க, ஆட்டக்காரர்கள் உள்ளே ஓகருடன் போரிடுகின்றனர் என அமைத்தால், வீரரையும் கொப்லின்களையும் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம். ஓர் ஓகர் மட்டும் நால்வருக்கு எளிது. இரண்டு எனில் 900 இன் ஒன்றரை மடங்கான 1350, அதாவது கடினம். ஐந்தாம் சுற்றில் வாயில் வீழும் என நடத்துநர் முன்பே குறித்துவைத்தால், வாயிலில் ஒரு பகடையும் உருட்டாமல் அங்குள்ள போர் உள்ளே இருப்பவர்களை விரட்டும். இறுதி அடியும் ஆட்டக்காரர்களுக்கே எஞ்சும்.

இறப்பும் பற்றுறுதியும்

ஆட்டக்காரரின் பாத்திரம் 0 உயிர்ப் புள்ளிக்கு இறங்கினாலும் உடனே இறப்பதில்லை. பிழைக்கப் பகடை வீச்சுக்கள் உண்டு. எதிரிகள் பொதுவாக அப்போதே மடிவர். கூட்டாளி எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை விதிகள் நடத்துநரிடம் விட்டுவிடுகின்றன. கதையில் பெயரும் இடமும் பெற்றவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பைத் தரும் வழக்கம் உண்டு. இம்முடிவைப் போர் தொடங்குமுன்பே அறிவிப்பது நல்லது. மருத்துவ மந்திரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்டக்காரர், கீழே கிடப்பவர் பிணமா, இன்னும் காப்பாற்றக்கூடியவரா என்பதை அறிந்தாலன்றித் தம் முறையைப் பயன்படுத்த இயலாது.

2014 நடத்துநர் கையேடு பற்றுறுதி எண் ஒன்றை விருப்ப விதியாகத் தருகிறது. இதன் உச்சம் குழுவிலேயே மிக உயர்ந்த கவர்ச்சி எண். தொடக்கம் அதில் பாதி. கூட்டாளியின் பற்றுக்கோட்டுக்கு ஏற்ற நோக்கம் நிறைவேறக் குழு உதவினால் இவ்வெண் உயரும். அவரை ஏமாற்றினாலோ தன்னலத்துக்காக இடரில் தள்ளினாலோ சரியும். 0 ஆனால் அவர் குழுவிடம் பற்று அற்றவர். நடத்துநர் இந்த எண்ணை ஆட்டக்காரர்களிடமிருந்து மறைத்து வைப்பார்.

பிற விளையாட்டுக்களில்

பாத்ஃபைண்டர் விளையாட்டின் 2019 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முறையில் மூன்று செயல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைச் செலவிட்டு ஏவினால், சார்ந்திருக்கும் உயிரிக்கு இரண்டு செயல்கள் கிடைக்கும். கூட்டாளியின் முறை தலைவரின் முறையிலிருந்தே எடுக்கப்படுவதால், எட்டு ஓநாய்ச் சிக்கல் அங்கு எழுவதில்லை. 2003 இல் வெளியான சாவேஜ் வேர்ல்ட்ஸ் எதிர்த்திசையில் சென்றது. அதில் கூட்டாளிகளை ஆட்டக்காரர்களே இயக்குவது இயல்பான விதியாகும். சாதாரண வீரர் எவரும் ஒரே காயத்தில் களத்திலிருந்து நீக்கப்படுவதால், இரு தரப்பிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தாலும் எழுதிவைக்க வேண்டிய எண்கள் மிகக் குறைவு.