செப்பேடும் கைம்மடலும்

கேரள எல்லையிலுள்ள நமது வடகரப்பதி அடங்கிய சித்தூர் வட்டம், 1949 வரை கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. அவ்வரசிலே யூதர் பன்னூற்றாண்டுகள் வாழ்ந்தனர். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்திற் பொறித்தளித்த செப்பேட்டை அவர்கள் கண்ணெனக் காத்தனர். அது மன்னன் தந்த நம்பிக்கை.

ஆசிரியர் தரும் நம்பிக்கையும் ஒன்றுண்டு. மாணவன் சமயச் சட்டத்தில் தீர்ப்புரைக்கத் தக்கவன் என்று குரு தம் கைப்பட எழுதி வழங்கும் மடலே அது, ‘செமிகா’ என்பர். அதனைப் பெற்றவரே ரபி.

1939-இல் போர் மூண்டதும், போலந்திலிருந்த மீர் கல்விக்கழகத்தார் லிதுவேனியாவுக்குப் பெயர்ந்தனர். 1940-இல் ஜப்பானிய அதிகாரி சுகிஹாரா அளித்த விசாக்களைக் கொண்டு, சைபீரியாவைக் கடந்து கோபே நகரையும், 1941-இல் ஷாங்காயையும் அடைந்தனர். ஊரில் நின்ற உறவினர் பலர் நாஜிகளால் மாண்டனர். அகதிகளோ அயல்மண்ணிலும் பாடத்தை நிறுத்தவில்லை. கற்பிப்போரும் கற்போரும் எஞ்சியமையால், குருவின் மடலுக்குப் பொருளும் எஞ்சியது.

நேயர்களே, பிறமாநிலம் வந்த நம் பெட்டிகளின் அடியிலும் பாட்டனாரின் தமிழ்க் கடிதம் ஒன்று கிடக்கலாம். அதைக் காப்பது மட்டும் போதாது. நம் மக்கள் படிக்கவும் வேண்டும். படிப்பாரற்ற மடல் வெறுந்தாளே.