கணக்கு நோட்டைக் காத்த பள்ளி

1593 ஆகஸ்ட் முதல் தேதி. பிரிஸ்டல் ஊரிலிருந்து ஒரு நடிகர் லண்டனில் இருக்கும் தம் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். தலைநகரில் பிளேக் பரவியிருக்கிறது. கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. கம்பெனி வெளியூர் ஆட்டம் போயிருக்கிறது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், வாசலிலும் கொல்லையிலும் தினமும் தண்ணீர் ஊற்று என்கிறார். என் ஆரஞ்சு நிறக் காலுறைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி வை, குளிர்காலத்துக்கு ஆகும் என்கிறார். பார்ஸ்லி இருந்த பாத்தியில் செப்டம்பரில் கீரை விதைத்துவிடு என்பதையும் மறக்கவில்லை.

எழுதியவர் எட்வர்ட் ஆலன். அன்றைய லண்டனின் ராஜபார்ட் அவர். மார்லோவின் டாம்பர்லேன், டாக்டர் ஃபாஸ்டஸ், மால்டாவின் யூதன் மூன்றிலும் நாயக வேஷம் கட்டியவர். கடிதத்தைப் பெற்ற ஜோன், தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587-ல் ரோஸ் கொட்டகையைக் கட்டிய பிலிப் ஹென்ஸ்லோவின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகள். கொட்டகை முதலாளிக்கு ராஜபார்ட் மருமகனானது 1592 அக்டோபரில்.

சாயமும் கீரையும் பேசும் இந்தத் தாள் இன்றும் இருக்கிறது. அதைக் காத்து வைத்திருப்பது ஒரு பள்ளிக்கூடம். தெற்கு லண்டனில் உள்ள டல்லிச் கல்லூரி. நாடகத்துக்கென்று வெளியாகும் இந்த மலரில் அந்தப் பள்ளியின் வரலாற்றைச் சொல்ல நான் விரும்பியதற்குக் காரணம், ஒரு நடிகர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய நிறுவனம் அது என்பது மட்டுமில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத் தொழில் எப்படி நடந்தது என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு அந்தப் பள்ளியின் காகிதக் கட்டுகளிலிருந்து வந்தது. அந்தக் கட்டுகளுக்குள் பொய்யும் ஒரு காலத்தில் புகுந்தது. பொய்யைக் களைந்தவர்களின் உழைப்பைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஆலன் நடிப்பில் மட்டும் பணம் சேர்க்கவில்லை. மாமனாரோடு சேர்ந்து 1600-ல் ஃபார்ச்சூன் கொட்டகையைக் கட்டினார். பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சருக்குக் கூலி 440 பவுன். வெளிச்சுற்று எண்பதடிச் சதுரம், உள்முற்றம் ஐம்பத்தைந்தடி. அந்த ஒப்பந்தப் பத்திரமும் டல்லிச்சில்தான் இருக்கிறது. மன்னருக்கான கரடிச் சண்டைப் பொறுப்பும் மாமனார் மருமகன் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் டல்லிச் பண்ணையை வாங்கி, பிள்ளை இல்லாத ஆலன், பன்னிரண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும், ஆறு முதியவர்களுக்கும் ஆறு மூதாட்டிகளுக்கும் இருப்பிடமும் அமைத்தார். ‘கடவுளின் கொடை’ என்பது அந்த அறக்கட்டளையின் பெயர். 1619 ஜூனில் அரச அனுமதி. செப்டம்பர் 13-ல் தொடக்க விழா. அனுமதியை முன்பு தாமதப்படுத்திய பிரான்சிஸ் பேக்கனே அன்று விருந்தினராக வந்திருந்தார். பள்ளித் தலைவரும் அவருக்கு அடுத்தவரும் ஆலன் என்ற பெயருடையவராகவே இருக்க வேண்டும் என்று நிறுவனர் விதித்தார். 1857 வரை அந்த விதி நின்றது. 1626-ல் இறந்த ஆலனைப் பள்ளியின் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மாமனார் 1616-லேயே போய்விட்டார். அவருடைய காகிதங்கள் மருமகன் வழியாகப் பள்ளிக்கு வந்தன. அவற்றுள் தலையானது ஒரு கணக்கு நோட்டு. முதலில் அது ஹென்ஸ்லோவின் சகோதரர் ஜான் 1570-களின் இறுதியில் இரும்புத் தொழிலுக்கும் மரத்துக்கும் கணக்கெழுதிய நோட்டு. மிச்சப் பக்கங்கள் வீணாகாமல் 1592 முதல் ஹென்ஸ்லோ தம் கொட்டகைக் கணக்கை அதில் எழுதினார். எந்த நாள் எந்த நாடகம், வசூலில் தம் பங்கு எவ்வளவு, எந்த ஆசிரியருக்கு எவ்வளவு முன்பணம், எந்த வேஷத்துக்கு எத்தனை கெஜம் துணி. எழுத்துப் பிழை பக்கத்துக்குப் பக்கம் மலிந்து கிடக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட நாடகங்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

படிக்கத் தெரிந்தவருக்கு அந்த நோட்டு ஒரு நாடகக் கம்பெனியின் மூச்சு. ‘ஸ்பானிய சோகநாடகம்’ பழசாகிவிட்டதால் 1601-ல் பென் ஜான்சனிடம் புதுப் பகுதிகள் கேட்டு நாற்பது ஷில்லிங் கொடுக்கிறார்கள். 1602 நவம்பரில் டாக்டர் ஃபாஸ்டஸுக்குச் சேர்க்கை எழுத வில்லியம் பேர்டுக்கும் சாமுவேல் ரௌலிக்கும் நான்கு பவுன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் நீட்டுவதும் திருத்துவதும் தொழிலின் இயல்பாக இருந்ததை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் சொல்லிவிட முடியாது. கணக்கு நோட்டோடு சேர்ந்த கடிதங்களிலோ மனிதர்களே நேரில் வந்து நிற்கிறார்கள். 1598 செப்டம்பரில் ஹென்ஸ்லோ மருமகனுக்கு எழுதுகிறார்: கேப்ரியல் போய்விட்டான், பென் ஜான்சன் கையால் கொல்லப்பட்டான். ஜான்சனைக் கொத்தனார் என்றே குறிப்பிடுகிறார். நல்ல நடிகனை இழந்த முதலாளியின் துக்கமும் ஆத்திரமும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

அந்த நோட்டில் ஷேக்ஸ்பியர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆறாம் ஹென்றியைப் பற்றிய ஒரு நாடகம் 1592 மார்ச்சில் ஆடி நல்ல வசூல் தந்தது பதிவாகியிருக்கிறது. டைட்டஸ் 1594 ஜனவரியில் வருகிறது. நாடகம் உண்டு, எழுதியவர் பெயர் இல்லை. இந்த மௌனத்தைப் பொறுக்க முடியாதவர்கள் செய்த காரியம்தான் கதையின் அடுத்த பாகம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காகிதக் கட்டுகள் பெட்டிகளில் உறங்கின. அவற்றின் அருமையை முதலில் உணர்ந்த பெரிய அறிஞர் எட்மண்ட் மலோன். 1790-ல் தம் ஷேக்ஸ்பியர் பதிப்பு அச்சேறிக்கொண்டிருந்தபோது நோட்டு அவர் கைக்கு வந்தது. அதோடு கிடைத்த 1598-ஆம் ஆண்டுச் சாமான் பட்டியல்களையும் அச்சிட்டார். பாறை ஒன்று, கூண்டு ஒன்று, கல்லறை ஒன்று, நரகவாய் ஒன்று. யார் கண்ணிலும் படாமல் நடமாடுவதற்கான அங்கியும் உண்டு! அந்தப் பட்டியல்களின் மூலம் பிறகு தொலைந்துபோனது. மலோன் அச்சிட்டதே இன்று நமக்குள்ள ஒரே சான்று. அவர்மேல் குறையும் உண்டு. நோட்டை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1812-ல் அவர் இறந்த பின்னர்தான் பள்ளிக்குத் திரும்பியது. கையெழுத்து சேர்க்கும் பித்துப் பிடித்த யாரோ சில தாள்களைக் கத்தரித்தும் விட்டார்கள். அந்தத் துண்டுகளில் சில பின்னாளில் வேறு நூலகங்களில் கிடைத்தன.

மலோனுக்கு இருந்த கண் 1796-ல் உலகுக்குத் தெரிந்தது. வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞன், பழந்தாளில் தானே எழுதிய கடிதங்களை ஷேக்ஸ்பியருடையவை என்று காட்டிக்கொண்டிருந்தான். அது போதாமல் ‘வோர்ட்டிஜெர்ன்’ என்று ஒரு முழு நாடகத்தையே ஷேக்ஸ்பியர் பாணியில் எழுதி, கண்டெடுத்ததாகச் சொன்னான். ட்ரூரி லேன் அரங்கில் ஏப்ரல் 2-ல் மேடையேற்றம். அதற்கு இரண்டு நாள் முன்னால் நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட மலோனின் மறுப்பு நூல் வெளிவந்தது. அந்தக் கால எழுத்துக்கூட்டு, கையெழுத்து, சொல்வழக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போலியைப் பிரித்துப் போட்டார். நாடகம் ஓர் இரவோடு சரிந்தது. அசலோடு பல ஆண்டு பழகியவருக்குத்தான் போலி புலப்படும், மலோன் பழகியிருந்தார்.

அயர்லாந்தின் பொய், அறியாச் சிறுவனின் பொய். அடுத்து வந்தது அறிஞரின் பொய். ஜான் பெய்ன் காலியர் நாடக வரலாற்றில் பெரும்படிப்பாளி. ஷேக்ஸ்பியர் சங்கம் 1840-ல் தொடங்கியபோது அதன் தூண். பள்ளி அவரை நம்பித் தன் பெட்டிகளைத் திறந்துவிட்டது. 1841-ல் ஆலனின் வாழ்க்கை, 1843-ல் ஆலன் காகிதங்கள், 1845-ல் ஹென்ஸ்லோவின் கணக்கு நோட்டு என்று மூன்று நூல்களை அவர் கொண்டுவந்தார். ஒருவர் செய்ய வேண்டிய அளவுக்கு மேலேயே செய்தார். ஆனால், இருந்ததைப் பதிப்பித்ததோடு நில்லாமல் இல்லாததையும் சேர்த்தார். நோட்டின் வெற்றிடத்தில் பழைய கையெழுத்தைப் போலவே 1597-ஆம் ஆண்டுப் பதிவொன்று முளைத்தது: ஃபாஸ்டஸுக்குச் சேர்க்கையும் மார்லோவின் டாம்பர்லேனுக்கு முன்னுரையும் எழுத நாடகாசிரியர் டெக்கருக்குப் பணம் கொடுத்ததாக. நேர்மையான ரௌலி பதிவு ஒன்று அதே நோட்டில் இருக்க, அதன் சாயலிலேயே ஒரு பொய்! போலி எப்போதும் மெய்யைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. இதுவே என்னை மிகவும் வருத்துவது.

ஜோன் தன் கணவருக்கு 1603 அக்டோபரில் அனுப்பிய கடிதத்துக்கும் அதே கதி. பிளேக் தணிகிறது, கம்பெனிகள் ஊர் திரும்பிவிட்டன, போர்ஸ் ஹெட் கொட்டகை பிரௌன் செத்துப்போனார் என்று சேதி சொல்லும் கடிதம் அது. பத்துப் பவுன் கடன் கேட்டு வந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தாள் நைந்திருக்கிறது. நைந்த இடத்தில் குளோப் கொட்டகை ஷேக்ஸ்பியரின் பெயர் இருப்பதாகக் காலியர் அச்சிட்டார். மிஞ்சியிருக்கும் எழுத்துகள் அந்த வாசகத்துக்கு இடம் கொடுக்கவே இல்லை.

1852-ல் அவர் காட்டிய, திருத்தங்கள் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியர் பழம்பதிப்பு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் 1859-ல் சோதனைக்கு வந்தது. பழைய மையின் கீழே புதிய பென்சில் தடம் தெரிந்தது. அதன்பின் அவர் தொட்ட எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. டல்லிச்சின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது மெய் எது போலி என்று குறித்து, 1881-ல் முழு அட்டவணை வெளியிட்டவர் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வார்னர். புகழ் தரும் வேலை இல்லை அது. ஆனாலும் இந்தக் கதையில் நான் முதலில் வணங்குவது அவரைத்தான். காலியர் அப்போதும் உயிரோடிருந்தார். 1883-ல் தொண்ணூற்று நான்கு வயதில் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, தாம் இழிவான காரியங்கள் பல செய்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வருந்தினார்.

நிலம் திருத்தப்பட்ட பிறகு உழ வந்தவர் வால்டர் கிரெக். அவருடைய தாய்வழிப் பாட்டனாரைச் சொன்னால் நம்மவர்களுக்கு ஆர்வமாக இருக்கும்: ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்சன். இந்தியாவுக்கு 1860-ல் வருமான வரியைக் கொண்டுவந்து, அதே ஆண்டு கல்கத்தாவிலேயே மறைந்த அதே வில்சன்தான். பேரன் பொருளாதாரப் பத்திரிகையின் பக்கம் போகாமல் ஒரு கொட்டகை முதலாளியின் வரவு செலவில் இறங்கினார். 1904-ல் நோட்டின் மூலம், 1907-ல் மற்றக் காகிதங்கள், 1908-ல் விளக்கம். பிழையைப் பிழையாகவே, கோணலைக் கோணலாகவே, ஹென்ஸ்லோ எழுதியபடி அச்சிட்டார். காலியரின் சேர்க்கைகளைத் தனியே பிரித்துக் காட்டினார். இதே நெறியில் பழைய நாடகங்களை உள்ளது உள்ளபடி மறுஅச்சிட 1906-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கிரெக் அதன் பொதுப் பதிப்பாசிரியர். சங்கத்துக்கு வைத்த பெயர் மலோன். ஆர்லாண்டோ வேஷத்துக்கு ஆலன் வைத்திருந்த தனிப்பாடமும் டல்லிச்சில் இருக்கிறது. நடிகருக்கு அவருடைய வசனமும், முன்னால் வரும் சில சொற்களும் மட்டும் எழுதித் தரும் வழக்கத்துக்கு அந்தக் காலத் தொழில்முறை அரங்கிலிருந்து மிஞ்சிய ஒரே சாட்சி. அதையும் 1920-களில் கிரெக்தான் ஆராய்ந்து அச்சில் தந்தார்.

ஓரிடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. ஹென்ஸ்லோவைப் படிப்பறிவில்லாத வட்டிக்காரராக, கலைஞர்களைக் கடனில் கட்டிப்போட்டவராக கிரெக் பார்த்தார். நடிகர்கள் 1615-ல் எழுதிய நீண்ட புகார்ப் பட்டியல் அதே கட்டுகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கேயே இன்னொரு கடிதமும் இருக்கிறது. நேதன் ஃபீல்டு, டாபோர்ன், மாஸிஞ்சர் என்ற நாடகக்காரர்கள் மூவரும் கைதாகிப் பிணைக்கு வழியில்லாமல், ஐந்து பவுன் தந்து மீட்கும்படி மன்றாடுகிறார்கள். அந்தத் தாளிலேயே ஐந்து பவுன் பெற்றுக்கொண்டதற்கான ரசீது இருக்கிறது. 1961-ல் நோட்டைப் புதிதாகப் பதிப்பித்த ஃபோக்ஸும் ரிக்கர்ட்டும் கிரெக்கின் தீர்ப்பை மறுத்தார்கள். அவர் தந்த மூலம் துல்லியமாக இருந்ததால்தான் அவரையே மறுக்க முடிந்தது.

1989-ல் தென்கரையில் கட்டடம் எழுப்பத் தோண்டியபோது ரோஸ் கொட்டகையின் அடித்தளம் வெளிப்பட்டது. இரண்டு காலத்துக் கட்டுமானம், ஒன்றை இடித்துப் பெரிதாக்கிய மற்றொன்று. 1592-ல் நூறு பவுனுக்கு மேல் கட்டட வேலைக்குச் செலவானதாக நோட்டு சொன்னதை மண்ணும் சொன்னது.

இப்போது அந்தத் தாள்களின் படங்களைக் கணினியில் யாரும் பார்க்கலாம். ஜோனின் கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துப் பவுன் கேட்டு வந்தவனைப் பற்றிய வரிகளுக்கு நடுவே தாள் அரித்துப் போயிருக்கிறது. அங்கே எந்தப் பெயரும் இல்லை.