குழந்தைக் கவிஞரின் இரு பணிகள்

நூல்களுள் ஒரு வகைக்கு மட்டும் விந்தையான ஓர் இயல்பு உண்டு. அதைப் படிப்பவர் ஒருவர். விலை கொடுத்து வாங்குபவர் மற்றொருவர். அதுவே குழந்தை நூல். குழந்தையின் கையில் காசு இல்லை. காசு வைத்திருக்கும் தந்தையோ, பாடப் புத்தகம் வாங்கியதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார். ஆதலால், குழந்தைகளுக்காக எழுத முற்படுபவர் நல்ல நூலொன்றை எழுதி முடித்தால் மட்டும் போதாது; அது குழந்தையின் கையை அடைவதற்குரிய வழியையும் தேட வேண்டியவராகிறார். இவ்விரு பணிகளையும் தம் வாழ்நாள் முழுவதும் சலியாமல் செய்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

புதுக்கோட்டைச் சீமையிலுள்ள இராயவரத்தில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். 1940இல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’ காரியாலயத்தில் காசாளராக அமர்ந்தார். கணக்கெழுதப் போன இடத்தில் அவருக்குக் கதையெழுதும் வாய்ப்புக் கிட்டியது. ‘சக்தி’யின் ஆசிரியராக விளங்கியவர் தி. ஜ. ர.; தெளிந்த எளிய நடைக்குப் பெயர் பெற்றவர். அவர் தந்த ஊக்கத்தால் வள்ளியப்பா எழுதிய ‘ஆளுக்குப் பாதி’ என்னும் கதை அவ்விதழிலேயே வெளிவந்தது. அடுத்த ஆண்டில் இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. அன்று முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வங்கிப் பணி ஒரு புறமும் எழுத்துப் பணி மறு புறமுமாக அவர் வாழ்க்கை நடந்தது.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பாரதியார் பாப்பாவை நோக்கிப் பாடியிருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘மலரும் மாலையும்’ 1938இல் வெளிவந்திருந்தது. வள்ளியப்பாவின் முதல் தொகுதி 23 பாடல்களோடு 1944இல் வந்தபோது, அதன் பெயர் ‘மலரும் உள்ளம்’. இரு நூற்பெயர்களையும் அடுத்தடுத்துக் காணும்போது ஓர் உறவு தென்படுவதாக எனக்குத் தோன்றுவதுண்டு. கவிமணி வகுத்த பாதையில் நடந்து, அதை முழுநேர நோன்பாகவே இவர் மேற்கொண்டார்.

அவருடைய பாடல்களின் சிறப்பு யாது? ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் குழந்தைக்கு இன்னது செய், இன்னது செய்யாதே என்று கட்டளையிடும். வள்ளியப்பாவின் பாடலோ குழந்தையோடு உடன் விளையாடும்; நீதி இருப்பினும் அது பின்னால் நிற்கும். அடிகள் குறுகியவை; சொற்கள் வீட்டில் வழங்குபவை; ஓசை தானே நாவில் நிற்கும்.

இதன் பயனை நான் வகுப்பறையிலே கண்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய சிறுவன் ஒருவன் வள்ளியப்பாவின் பாடலொன்றை மனப்பாடமாகப் பாடுவான். ஒரு நாள் அப்பாடல் அச்சிட்ட பக்கத்தை அவன்முன் வைத்தேன். பாடிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் மீதும் விரலை வைத்துச் சென்றான். பாட்டின் நடுவே திடீரென்று நின்று, முதலடியில் வந்த ஒரு சொல் நான்காம் அடியிலும் இருப்பதைக் காட்டினான். அவன் படிக்கத் தொடங்கியது அந்நாளிலேதான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற முறைகள் பல; எனினும் இதைப்போல் கைகொடுத்தவை சில.

இனி, இரண்டாவது பணி. ‘அம்புலிமாமா’ 1947இலும் ‘கண்ணன்’ 1950இலும் தோன்றிய காலம் அது. இதழ்கள் பெருகின, ஆயினும் நூல் வெளியீடு எளிதாக இல்லை. படமில்லாத குழந்தை நூல் விலைபோகாது. படம் சேர்த்தாலோ பிளாக்கு செய்யும் செலவால் விலை ஏறிவிடும். தனியொருவரால் இதற்குத் தீர்வு காண இயலாது என்பதை வள்ளியப்பா உணர்ந்தார். அவருடைய முயற்சியால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. சங்கம் குழந்தை நூல்களுக்குக் கண்காட்சிகள் நடத்தியது. எழுத்தாளர் யார் யார் என்று காட்டும் கையேடு வெளியிட்டது. தம் நூலுக்கு விளம்பரம் தேடுவோர் உண்டு. வள்ளியப்பாவோ தம்மைப்போல் எழுதுவோர் அனைவரின் நூலுக்கும் வாசகரைத் தேடினார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியரானார். இளம் எழுத்தாளர்களுக்கு அங்கே இடமளித்தார். குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகத்தில் பாடமாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் அதனை வலியுறுத்திப் பேசியபின் மயங்கி வீழ்ந்து, 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற தொடக்கத்தில், பள்ளியின் கதைப் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு நூல் குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சம். நூல்கள் புத்தம் புதியனவாகவே இருந்தன. குழந்தைகள்தாம் அவற்றைக் காணவில்லை. பின்னர்ப் பூட்டைத் திறந்தேன். ஆண்டிறுதியில் சில நூல்கள் அட்டையின்றி வந்தன, இரண்டு வரவேயில்லை. அவற்றுக்குரிய தொகையை நான் செலுத்திவிட்டேன். அதைவிட நல்ல செலவு ஒன்றை என் பணிக்காலத்தில் நான் செய்ததாக நினைவில்லை.

வள்ளியப்பா எழுதிவிட்டுப் போனார். நூலைக் குழந்தையிடம் சேர்க்கும் பணியோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்க வேண்டியது. நேயர்களுள் பெற்றோராக இருப்பவர்கள் இம்மாதம் பாடப் புத்தகம் அல்லாத ஒரு நூலை வாங்கித் தம் குழந்தையின் கையில் கொடுப்பார்களாக. ஆசிரியராக இருப்பவர்கள் பீரோவின் சாவியைத் தேடி எடுப்பார்களாக.