இரட்டிப்பு: ஒரு சொல் தன் பொருளைத் துறந்த வரலாறு

சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுவது மொழி பயில்வோர்க்குப் புதிதன்று. 'நாற்றம்' என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று நம்மை மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்கிறது. அம்மாற்றம் எந்த ஆண்டில், எவரால் நிகழ்ந்தது என்று கேட்டால் விடை கூற இயலாது. ஆனால் பதினைந்தே சொற்கள் கொண்ட ஒரு சிறு மொழியில், ஒரு சொல் தன் நேர்ப்பொருளைத் துறந்து, முற்றிலும் வேறான பொருளை ஏற்ற வரலாறு ஆண்டுகளோடும் ஆட்களின் பெயர்களோடும் நமக்குக் கிடைக்கிறது. பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் ஏலம் கேட்கும் மொழியே அச்சிறு மொழி. 'டபுள்', அதாவது இரட்டிப்பு, என்பதே அச்சொல். அதன் பயணத்தை இக்கட்டுரையில் தொடர்வோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். 304 ஆடிப் பழகிய வாசகர்களுக்குத் துருப்பும் ஏலமும் அந்நியமானவை அல்ல. பிரிட்ஜில் நால்வர் இரண்டிரண்டு பேராக, எதிரெதிரே அமர்ந்து, கூட்டாளிகளாக ஆடுகின்றனர். 52 சீட்டுகளும் ஆளுக்குப் 13 வீதம் பங்கிடப்படும். நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, வென்றவர் அள்ளிக்கொள்வது ஒரு பிடி. ஆக மொத்தம் 13 பிடிகள். எந்த அணி, எந்தத் துருப்பில், எத்தனை பிடிகள் எடுப்பதாக ஒப்பந்தம் செய்கிறது என்பதை ஏலம் முடிவு செய்கிறது. ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை என்பதையே ஏலத்தில் கூறுவர். 'இரண்டு ஆட்டின்' என்றால் ஆட்டின் துருப்பில் எட்டுப் பிடிகள் என்று பொருள்.

இந்த ஏலத்தில் ஒருவர் வாய்திறந்து சொல்லக்கூடியவை மிகச் சிலவே. ஒன்று முதல் ஏழு வரையிலான எண்கள், ஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்னும் நான்கு இனங்கள், துருப்பில்லா ஆட்டம், பாஸ், இரட்டிப்பு, மறு இரட்டிப்பு. இப்பதினைந்து சொற்களையும் விதிப்படி கோத்தால் 38 கூற்றுகள் மட்டுமே அமையும். தன் கையிலுள்ள 13 சீட்டுகளைக் கூட்டாளிக்கு உணர்த்த, ஆட்டக்காரரிடம் உள்ள முழு மொழியும் இதுதான். முகக்குறிப்புக்கோ குரலின் ஏற்ற இறக்கத்துக்கோ இடமில்லை.

இனி, இரட்டிப்புக்கு வருவோம். அதன் பிறவிப்பொருள் பகைமை. எதிரணி ஓர் ஒப்பந்தம் கூறுகிறது; 'உங்களால் முடியாது, பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன்' என்று நாம் சவால் விடுகிறோம். ஏலமே இல்லாத பழைய பிரிட்ஜிலும் இரட்டிப்பு இருந்தது. அங்கும் அது பந்தயத்தை ஏற்றும் கருவியாகவே பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் புகுந்த பின்னரும் அப்பொருள் மாறவில்லை.

1912-13 ஆண்டுகளில் அமெரிக்காவில் இருவர், ஒருவரையொருவர் சாராமல், ஒரே எண்ணத்தை எட்டினர். நியூயார்க்கில் மேஜர் சார்லஸ் பேட்டன். செயின்ட் லூயிஸ் நகரில் பிரையண்ட் மெக்கேம்ப்பெல். எதிரணி ஒரு தாழ்ந்த ஏலத்தைக் கூறியவுடன் சொல்லப்படும் இரட்டிப்பைச் சவாலாகக் கொள்ளாமல் கூட்டாளிக்கு விடுக்கும் வேண்டுகோளாகக் கொள்ளலாம் என்பதே அவ்வெண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். எதிராளி 'ஒரு ஆட்டின்' என்கிறார். நம் கையில் நல்ல வலுவுடன் ஸ்பேட் நான்கு, டைமண்ட் நான்கு, கிளாவர் நான்கு, ஆட்டின் ஒன்று. பேசாதிருக்க மனமில்லை, பேசினாலோ மூன்று இனங்களில் எதைச் சொல்வது? நான்கே சீட்டுகளை நம்பி எதைச் சொன்னாலும் அது குருட்டு யூகமாகும். அவ்விடத்தில் 'இரட்டிப்பு' என்கிறோம். 'என்னிடம் வலு உண்டு. எதிரணியின் இனத்தைத் தவிர மற்ற மூன்றும் எனக்கு ஏற்புடையவை. தேர்வு உன்னுடையது' என்று கூட்டாளி அதனைப் புரிந்துகொள்கிறார். எதிரியை நோக்கி எறியப்பட்ட சவால், நண்பனை நோக்கிய வினாவாகிவிட்டது.

அச்சொல் மட்டும் ஏன் இவ்வாறு மாறியது? விடை, பயன்பாட்டுக் கணக்கில் உள்ளது. தாழ்ந்த ஏலத்தில் எதிரணியை உண்மையிலேயே தண்டிக்கத்தக்க கை அரிதாகவே வாய்க்கும். வாய்த்தாலும் எதிரணிக்கு வேறு இனத்துக்குத் தாவ வழி உண்டு. தண்டனை பிழைத்தால் இழப்பு நமக்கே: 'இரண்டு ஆட்டின்' நிறைவேறினால் 60 புள்ளிகள், இரட்டிப்போடு நிறைவேறினால் 120. ஆட்டம் வெல்ல 100 புள்ளிகள் போதும் என்பதால், நாமே எதிரணியைக் கரையேற்றி விட்டவர்களாவோம். ஆக, நேர்ப்பொருளில் அச்சொல் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. இத்தனை சிறிய அகராதியில் ஒரு சொல்லை உறங்கவிடுவது ஊதாரித்தனம் அல்லவா? உறங்கும் சொல்லை எழுப்பி வேலை வாங்கியதே பேட்டனும் மெக்கேம்ப்பெல்லும் செய்தது. பழைய பொருளும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கூட்டாளியிடம் ஆட்டின் சீட்டுகளே நிறைந்திருந்தால் அவர் பாஸ் சொல்லலாம்; வினா மீண்டும் தண்டனையாகிவிடும்.

1925-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பனாமா கால்வாய் வழியே சென்ற 'பின்லாந்து' என்னும் கப்பலில் ஹெரால்ட் வாண்டர்பில்ட் புதிய புள்ளி முறையொன்றை நண்பர்களோடு ஆடிப்பார்த்தார். நாம் இன்று ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் அதிலிருந்து எழுந்தது. அதற்கு முன் எடுத்த பிடிகள் யாவும் ஆட்டம் வெல்லக் கணக்காயின. குறைவாகக் கேட்டு மிகுதியாக எடுத்தாலும் பழுதில்லை. புதிய முறையில், ஏலத்தில் கூறிய பிடிகள் மட்டுமே ஆட்டத்துக்குக் கணக்கு. ஆகவே கூட்டாளியின் கையைத் துல்லியமாக அறிவது வாழ்வா சாவா என்னும் நிலைக்கு வந்தது. மரபுக்குறிகள் பெருகின.

1929-இல் தியோடர் லைட்னர் இரட்டிப்புக்கு மற்றொரு பொருளைச் சேர்த்தார். எதிரணி 12 அல்லது 13 பிடிகளுக்கு ஒப்பந்தம் செய்யும்போது, அதனை இரட்டிப்பதால் கிட்டும் ஆதாயம் சொற்பம். ஆட்டம் எதுவும் வென்றிராத அணி ஒரு பிடி குறைந்தால் 50 புள்ளிகள், இரட்டித்தால் 100. இந்த 50 புள்ளிகளுக்காக அச்சொல்லைச் செலவிடுவானேன்? 'வழக்கமான சீட்டை இறக்காதே. எதிர்பாராத இனத்தில் தொடங்கு' என்னும் செய்திக்கு அதனைப் பயன்படுத்தலாம் என்றார் லைட்னர். இரட்டித்தவரிடம் ஏதோ ஓர் இனம் அறவே இல்லை, அவ்வினத்தை இறக்கினால் அவர் துருப்பு வெட்டுவார் என்பதே பெரும்பாலும் அதன் உட்கிடை.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. இங்கிலாந்தில் லெப்டினன்ட் கர்னல் வால்டர் புல்லர், 'பிரிட்டிஷ் பிரிட்ஜ்' என்ற பெயரில் நேர்ப்பேச்சை வலியுறுத்தினார். கையில் உள்ளதை உள்ளபடி கேட்பதே முறை, குறிப்புமொழிகள் ஆட்டத்தின் இயல்பைக் கெடுப்பன என்பது அவர் கட்சி. 1930-இல் லண்டனில் அமெரிக்கர் எலை கல்பர்ட்சனின் அணியோடு 200 ஆட்டங்கள் ஆடி, புல்லரின் அணி தோற்றது. அத்தோல்வி அவர் கட்சியைப் பெரிதும் தளர்த்தியது. ஆயினும் அவர் எழுப்பிய ஐயம் அற்பமானது எனத் தள்ளத்தக்கதன்று என்பது எம் கருத்து. ஒரு சொல் அதன் நேர்ப்பொருளைத் தராது, இருவர் தமக்குள் பேசிவைத்த பொருளைத் தருமாயின், அதற்கும் கள்ளக்குறிக்கும் வேறுபாடு யாது? அவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1957-இல் ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோன் என்னும் இணையர் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தனர். கூட்டாளி 'ஒரு டைமண்ட்' என்று தொடங்குகிறார். எதிராளி 'ஒரு ஸ்பேட்' என்று குறுக்கிடுகிறார். நம்மிடம் நடுத்தர வலுவும் ஆட்டின் நான்கும் உள்ளன. 'இரண்டு ஆட்டின்' என்று சொல்ல அதைவிட வலுவும் ஐந்து ஆட்டினும் வேண்டும். அதுவரை இவ்விடத்தில் இரட்டிப்பு தண்டனையையே குறித்தது. ராத் அதனை 'என்னிடம் ஆட்டின் உண்டு' என்னும் செய்தியாக மாற்றினார். அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியிருந்தது. புதுமை யாவற்றுக்கும் அப்பெயரே பொருத்தமாகத் தோன்றிய காலம். இம்மரபும் 'ஸ்புட்னிக் இரட்டிப்பு' என்று பெயர் பெற்றது.

அப்படியானால், கையில் ஸ்பேட் சீட்டுகளே நிறைந்திருந்து எதிராளியைத் தண்டிக்க விரும்புவோர் என் செய்வது? பாஸ் சொல்லிக் காத்திருக்க வேண்டும். கூட்டாளி, ஸ்பேட் குறைவாக வைத்திருப்பின், தம் முறை வரும்போது இரட்டிப்பார். அதற்கு நாம் மீண்டும் பாஸ் சொன்னால் தண்டனை உறுதியாகும். ஒரு சொல் பொருள் மாறியதால் அதன் அருகிலிருந்த மௌனமும் பொருள் மாறிவிட்டது. ஒரு மொழியில் எதுவும் தனியே மாறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, புல்லரின் வினாவுக்குத் திரும்புவோம். பிரிட்ஜின் விதிகள் அதற்குத் தந்துள்ள விடை எளியது, ஆழமானது. ஒரு சொல்லுக்கு எப்பொருளையும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்பொருள் எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் விளக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறானதாயின் கேளாமலே எச்சரிக்க வேண்டும். பொதுவில் வைக்கப்பட்ட பொருள் மரபு. மறைக்கப்பட்ட பொருள் களவு. கோடு அங்கேதான் கிழிக்கப்பட்டுள்ளது.

அக்கோட்டைக் காக்க நேர்ந்த பாடு சிறிதன்று. வாயால் ஏலம் கேட்ட காலத்தில், 'இரட்டிப்பு' என்று தயங்கிச் சொல்வது ஒன்றையும் ஓங்கிச் சொல்வது மற்றொன்றையும் உணர்த்திவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, 1960-களில் ஸ்வீடனில் ஏலப்பெட்டி உருவானது. அச்சிட்ட அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தால் போதும். வாய் பேச வேண்டியதில்லை. சிவப்பு அட்டையில் பெருக்கல் குறி ஒன்று இருந்தால் இரட்டிப்பு.

1965-இல் புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், இங்கிலாந்தின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபிரோ இணை, சீட்டுகளைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் தம் ஆட்டின் சீட்டுகளின் எண்ணிக்கையை உணர்த்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. உலகக் கூட்டமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது; சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை 1966-இல் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகளுக்கு இடையே மேசையின் குறுக்கே திரை நிறுத்தப்பட்டது. அதே போட்டியில் இத்தாலிய இணையொன்று மேசைக்கடியில் காலசைவால் பேசியதாகப் புகார் எழ, மேசைக்குக் கீழேயும் தடுப்பு வைக்க நேர்ந்தது. அதோடும் முடியவில்லை. 2015-இல் நார்வே நாட்டு வீரர் போயே புரோகெலாண்ட் முன்னணி இணையொன்றின் மீது வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். சீட்டுப் பலகையை மேசையில் எவ்விடத்தில் வைக்கிறார்கள் என்பதிலேயே செய்தி ஒளிந்திருந்ததைக் காணொளிகளை ஆராய்ந்தோர் கண்டறிந்தனர். ஐரோப்பியக் கூட்டமைப்பு அவ்விணைக்குத் தடை விதித்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஒன்று விளங்குகிறது. இரட்டிப்பு தன் பொருளை மாற்றிக்கொண்டதால் பிரிட்ஜ் கெடவில்லை, வளர்ந்தது. புல்லர் அஞ்சிய குறிப்புமொழி, எதிராளியின் முன் விளக்கப்பட்டதால் நேர்மையான பேச்சாகவே நிலைத்தது. விரலும் காலும் பலகையும் பேசிய பேச்சிலோ புதுப்பொருள் என்று எதுவுமில்லை. 'என்னிடம் இத்தனை ஆட்டின்', 'இந்த இனத்தை இறக்கு' என்னும் மிக எளிய செய்திகளே. குற்றம், மேசையிலுள்ள நால்வரில் இருவருக்கு அச்செய்தி மறைக்கப்பட்டதில் இருந்தது.

வாசகர்கள் எங்கேனும் பிரிட்ஜ் மேசையருகே நிற்க நேர்ந்து, ஒருவர் சிவப்பு அட்டையை எடுத்து வைப்பதைக் கண்டால், அருகிலிருப்பவரிடம் 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டுப்பாருங்கள். ஆடுவோர் தம்மிடையே கேட்கவும் விடையளிக்கவும் கடமைப்பட்ட கேள்வி அது. அக்கேள்விக்கு ஒளிவற்ற விடை கிடைக்கும்வரை அந்த ஆட்டத்துக்குப் பழுதில்லை.